பஃபியும் ரைலி ஃபின்னும்: நான்காம், ஐந்தாம் சீசன் டிவிடி பெட்டிகள் பற்றி

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்க டிவி தொடரைப் பார்த்தவர்கள் இரண்டே கட்சி. ஒன்று ஏஞ்சல் கட்சி, இல்லையென்றால் ஸ்பைக் கட்சி. ஏஞ்சல் இருநூறு வயது தாண்டிய காட்டேரி. சாபத்தால் ஆன்மா திரும்பக் கிடைத்து, அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே இருட்டில் நின்று பெருமூச்சு விடுகிறவன். ஸ்பைக் நக்கல் பிடித்த காட்டேரி. தோல் கோட்டு, வெளிறிய முடி, வாயைத் திறந்தால் ஊசி. இவர்களுக்கு நடுவில் ஒன்றரை சீசன் பஃபியின் காதலனாக இருந்த ரைலி ஃபின்னுக்குக் கட்சியும் கிடையாது, டெபாசிட்டும் தேறாது. அவன் வரும் எபிசோடுகளைத் தள்ளிவிட்டுப் பார்க்கச் சொல்லும் ஆட்களை நானே அறிவேன்.

நான் அவனுக்கு ஓட்டுக் கேட்டு வரவில்லை. ஆனால் ஏழு சீசன், 144 எபிசோடில் பஃபியின் காதலர்களிலேயே எழுத்தாளர்கள் ஒளித்துவைக்காமல், ஆளை ஆளாகவே எழுதியது இவனைத்தான் என்பது என் வாதம். அதற்கு நான்காம் சீசனும் ஐந்தாம் சீசனின் முதல் பாதியும் சாட்சி. இரண்டு பெட்டிகளையும் சமீபத்தில் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பாதி நேரம் என் மனைவியும் கூட இருந்தாள். அவள் அரசு மருத்துவமனையில் கேஷுவாலிட்டி டாக்டர், வாரத்தில் பாதி நாள் ராத்திரி டியூட்டி. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் எடுக்கிறவன், சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

பார்க்காதவர்களுக்கு நாலு வரி. சன்னிடேல் என்ற கற்பனை ஊர், கலிஃபோர்னியா. ஊருக்கு அடியில் நரகத்தின் வாசல். தலைமுறைக்கு ஒரு பெண் காட்டேரிகளைக் கொல்லும் சக்தியோடு தேர்ந்தெடுக்கப்படுவாள், அவளுக்குப் பெயர் ஸ்லேயர். இந்தத் தலைமுறைக்கு பஃபி சம்மர்ஸ். 1997இல் டபிள்யூபி சேனலில் தொடங்கி, கடைசி இரண்டு சீசன் யூபிஎன்னுக்கு மாறி, 2003 மே மாதம் முடிந்தது. உருவாக்கியவர் ஜாஸ் வீடன், பஃபியாக சாரா மிஷெல் கெல்லர். மூன்றாம் சீசன் முடிவில் பள்ளிக்கூடமும் முடிகிறது, ஏஞ்சலும் தன் பெயரிலேயே தனித்தொடர் நடத்தக் கிளம்பிவிடுகிறான். நான்காம் சீசனில் கல்லூரி. 1999 அக்டோபர்.

முதல் எபிசோடிலேயே ரைலி வருகிறான். கல்லூரிப் புத்தகக் கடையில் பஃபி மேல் தட்டிலிருந்து எதையோ இழுக்க, தடித்தடிப் புத்தகங்கள் அவன் தலைமேல் விழுகின்றன. சைக்காலஜி வகுப்பில் பேராசிரியை மேகி வால்ஷுக்கு உதவியாளன். ஐயோவா மாநிலத்துக் கிராமத்துப் பையன். நெடுநெடு உயரம், அகன்ற தோள், பெரியவர்களிடம் மரியாதை, பொய் சொன்னால் காது சிவக்கும் முகம். ஜாதகம் கொண்டுவந்து கொடுத்தால் நம் ஊர் அம்மாக்கள் மறுபேச்சுப் பேசாமல் தேதி குறித்துவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் சந்திப்பில் அவன் பஃபியைச் சரியாகக் கவனிக்கவே இல்லை. படிப்பைப் பற்றி அவள் தோழி வில்லோவிடம்தான் ஆர்வமாகப் பேசுகிறான். தனக்கு இவளைப் பிடித்திருக்கிறது என்பதே அவனுக்கு ஏழாவது எபிசோடில்தான் உறைக்கிறது. அதுவும் எப்படி? பஃபியைப் பற்றிக் கேவலமாகப் பேசிய ஒருவனை அடித்துக் கீழே தள்ளிவிட்டு, தான் ஏன் அடித்தோம் என்று நின்று யோசிக்கும்போது. அப்புறம் வில்லோவிடம் போய் அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று குறிப்பு எடுத்துக்கொள்கிறான். சீஸ் பிடிக்கும் என்பது அதில் ஒன்று.

அதே எபிசோடில்தான் இந்தப் பசுவுக்குக் கொம்பு இருப்பது நமக்குத் தெரிகிறது. மாணவர் விடுதிக்கு அடியில் ராணுவத்தின் ரகசியக் கூடம். பெயர் இனிஷியேட்டிவ். பேய் பிசாசுகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்து ஆராய்ச்சி. பேராசிரியை வால்ஷ்தான் அதற்குத் தலைமை, ரைலி அதில் அதிகாரி. ஆக இரண்டு பேரும் ராத்திரி ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், ஒருவருக்கு மற்றவர் பற்றித் தெரியாது.

பத்தாவது எபிசோடு 'ஹஷ்'. 1999 டிசம்பர் 14 அன்று ஒளிபரப்பானது, திரைக்கதைக்காக எம்மி விருதுப் பரிந்துரை வரை போனது. இந்தப் பெட்டியை இது ஒன்றுக்காகவே வாங்கலாம். கோட்டு சூட்டுப் போட்டு, தரையில் கால் படாமல் மிதந்து வரும் நான்கைந்து எலும்புச் சிரிப்புக்காரர்கள் ஊர் முழுவதும் குரலைத் திருடிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் வசனமே கிடையாது. பயமுறுத்துகிற காட்சிகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் காதலுக்கு வருகிறேன். அதுவரை இந்த ஜோடி பேசிப் பேசியே ஒன்றையும் உருப்படியாகச் சொல்லாமல் இருந்தது. குரல் போனதும் நடுத்தெருவில், குழப்பத்துக்கு மத்தியில், ஒருவரை ஒருவர் பார்த்து நிம்மதியாகி முத்தமிடுகிறார்கள். பிறகு மணிக்கூண்டில் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து மோதி, 'அட, நீயா?' என்று விழிக்கிறார்கள். திருடிய குரல்கள் அடைத்த பெட்டியை உடைக்கச் சொல்லி அவள் சைகை காட்டுகிறாள். அவன் பக்கத்திலிருந்த ஜாடியை உடைத்துவிட்டுப் பெருமையாகப் பார்க்கிறான். என் மனைவி சிரித்ததில் தண்ணீர் புரையேறிவிட்டது.

கடைசிக் காட்சியில் அவன் அவள் அறைக்கு வருகிறான். பேச வேண்டும் என்கிறான். அவளும் ஆமாம் என்கிறாள். ஆளுக்கொரு கட்டிலில் எதிரெதிரே உட்கார்கிறார்கள். குரல் திரும்பிவிட்டது, பேச்சு வரவில்லை. எபிசோடு அப்படியே முடிகிறது. இவர்களுடைய ஒன்றரை வருஷக் கதையும் அந்த அரை நிமிஷத்திலேயே இருக்கிறது. வேலை செய்யும்போது கை கோத்து ஓடும் ஜோடி, உட்கார்ந்தால் வார்த்தை அகப்படாத ஜோடி.

அடுத்த சில எபிசோடுகளில் ஒரு சின்னத் துணுக்கு. வால்ஷ் முன்னிலையில் ரைலியின் கணக்கு சொல்லப்படுகிறது: பதினேழு. பதினொன்று காட்டேரி, ஆறு பிசாசு. பெருமைதான். பஃபியிடம் உன் கணக்கு என்ன என்று கேட்கிறார்கள். அங்கேயே காட்சி வெட்டு. அடுத்த காட்சியில் அவன் முகம் பேயறைந்த மாதிரி. அவள் சொன்ன எண் நமக்குச் சொல்லப்படவில்லை, தேவையும் இல்லை. நல்ல பையன் என்பதால் அவன் பொறாமைப்படவில்லை, பிரமிக்கிறான். ஆனால் பிரமிப்புக்கு அடியில் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது என்பதை ரைலியாக நடிக்கும் மார்க் புளூக்கஸ் ஒரு வினாடி கண்ணில் காட்டுகிறார்.

புளூக்கஸைப் பற்றி. இவர் கல்லூரிக் காலத்தில் வேக் ஃபாரஸ்ட் அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர், நடிப்பு அப்புறம்தான். நான்காம் சீசனில் அது தெரிகிறது. காதல் வசனத்தைக்கூட அட்டென்ஷனில் நின்று சொல்கிறார். பக்கத்தில் ஸ்பைக்காக ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் நாற்காலியில் கட்டிப்போடப்பட்டிருந்தாலும் காட்சியை அள்ளிக்கொண்டு போகிறார், பாவம் இவர் என்ன செய்வார்? ஆனால் ஐந்தாம் சீசனில், அவன் உள்ளுக்குள் இடிய இடிய, இதே விறைப்பு பொருத்தமாகிவிடுகிறது. சிரித்துக்கொண்டே தாடையை இறுக்கும் ஒருவனாக அவர் நன்றாகவே நடித்திருக்கிறார். இதை யாரும் சொல்வதில்லை.

நான்காம் சீசனின் பின்பாதி சுமார். வால்ஷ் பஃபியைக் கொல்லப் பார்க்கிறாள், அவள் ஒட்டுப்போட்டு உருவாக்கிய ஆடம் என்ற அரை இயந்திரம் வால்ஷையே கொன்றுவிடுகிறது, பிறகு சீசன் முழுக்க அது தத்துவம் பேசிக்கொண்டு திரிகிறது. வேகமாகத் தள்ளலாம். தள்ளக் கூடாதது 'ஹூ ஆர் யூ'. விதிவிலக்காக இருக்கும் இன்னொரு ஸ்லேயரான ஃபெய்த், பஃபியின் உடம்புக்குள் புகுந்துகொண்டு ரைலியோடு இரவைக் கழிக்கிறாள். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. காதலிக்கிறேன் என்று அவன் மனமாரச் சொல்வதும் ஆள் மாறிப் போய்ச் சேர்கிறது. அதைக் கேட்டு ஃபெய்த் பதறி விலகுகிறாள். அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை போல. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகச் சங்கடமான காட்சி இது. ரைலியை வெறுக்கிறவர்கள் 'அவனுக்கு அவளைத் தெரியவே இல்லை பார்' என்று இதைக் காட்டுவார்கள். எனக்கென்னவோ இதில் ரைலியும் ஏமாற்றப்பட்டவன் என்பதைத் தொடரும் ரசிகர்களும் சேர்ந்து சுலபமாகத் தாண்டிப் போய்விட்டதாகத் தோன்றுகிறது.

ஐந்தாம் சீசன் வேறு தரம். ராணுவம் அவனுக்குத் தெரியாமல் ஊட்டிய மருந்துகளால் ரைலிக்குச் சாதாரண மனிதனை மீறிய பலம் இருந்தது. இதயம் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்து, அறுவை சிகிச்சை செய்து, பலம் போகிறது. அதற்கு முன் அவன் சிகிச்சைக்கு வராமல் ஓடுகிறான். சாதாரண ஆளாகிவிட்டால் அவள் விட்டுவிடுவாள் என்ற பயம். அந்த நாடித்துடிப்போடு அவன் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்த என் மனைவி, "இவன இந்நேரம் ஸ்ட்ரெச்சர்ல ஏத்திருப்பாங்க. கதைய நிறுத்துங்க, இசிஜி எடுக்கட்டும்" என்றாள்.

மூன்றாவது எபிசோடின் கடைசியில், நண்பன் சாண்டரிடம், பேச்சோடு பேச்சாக, ரைலி ஒன்று சொல்கிறான். அவளைப் பார்த்தாலே எனக்குத் தலைகால் புரிவதில்லை, ஆனால் அவள் என்னைக் காதலிக்கவில்லை. அழுகை கிடையாது, இசை கிடையாது. இரண்டு ஆண்கள் நடுவில் அப்படித்தான் சொல்லப்படும். எழுதியவர் கையை முத்தமிடலாம்.

பிறகு அம்மா ஜாய்ஸுக்கு மூளையில் கட்டி. பஃபிக்குத் தங்கை டான் வேறு. மருத்துவமனை, வீடு, ஊரைக் காப்பது என்று ஓடுகிறாள். ரைலி உதவத் தயார். உண்மையிலேயே தயார், டானை வெளியே கூட்டிப்போய்க் குடைராட்டினம் சுற்ற வைப்பதெல்லாம் அவன்தான். அங்கேதான் அந்தச் சின்னப் பெண் விஷம் என்று தெரியாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். ஏஞ்சல் இருந்தபோது அக்கா எப்போது பார்த்தாலும் அழுதுகொண்டிருப்பாள், உன்னோடு அப்படி இல்லை. அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். இவனுக்கு அது தீர்ப்பாகக் கேட்கிறது. எனக்காக அவள் அழமாட்டாள், என் தோளிலும் அழமாட்டாள். அன்று இரவே மதுக்கடையில் ஒரு காட்டேரிப் பெண் தன்னைக் கடிக்க அனுமதிக்கிறான். அப்புறம் அதுவே பழக்கமாகிறது.

அடுத்த எபிசோடில் பஃபி அழுகிறாள். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, அம்மாவுக்கும் தங்கைக்கும் கேட்கக் கூடாதென்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். ரைலி அங்கே இல்லை. அதே எபிசோடில் அவன் எங்கோ ஒரு பாழடைந்த கட்டடத்தில் காட்டேரிக்குக் கையை நீட்டுகிறான். அவன் பார்க்க ஏங்கிய கண்ணீர் இருந்தது. அது யாருக்கும் காட்டுவதற்கான கண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டேன். என் மனைவி டியூட்டி முடிந்து காலையில் வந்தால் நேராகக் குளியலறைக்குப் போவாள். தயிர்சாதம், ஊறுகாய், தூக்கம். விபத்தா, விஷம் குடித்த கேஸா, சின்னக் குழந்தையா, ஒன்றும் சொல்லமாட்டாள். இரண்டு மூன்று நாள் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வரி வரும். "அன்னைக்கு ஒரு பையன் வந்தான்லா, பிழைக்கல." அந்த ஒரு வரிக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நான் போதவில்லையோ என்று ஓர் ஆணின் மனசு எந்த வழியாகப் போகும் என்பதும் தெரியும். அதனால்தான் ரைலி எனக்கு அசட்டுப் பாத்திரமாகத் தெரியவில்லை. நூறு வருஷச் சாபம், ஆன்மா, பழைய பாவம் என்று எந்த அலங்காரமும் இல்லாமல், நல்லவனாகவே இருந்துகொண்டு ஒருவன் எப்படிக் கெட்டுப்போவான் என்பதை இந்தத் தொடர் ஏஞ்சலையோ ஸ்பைக்கையோ வைத்து எழுதியிருக்க முடியாது.

மனைவியின் தீர்ப்பு வேறு. "அவ அம்மாவுக்கு மண்டைக்குள்ள கட்டி. இவனுக்குத் தன்னை யாரும் கவனிக்கலன்னு கவலை. ராத்திரி டியூட்டி பாக்குற பொம்பளைக்கு இவன் சரிப்பட்டு வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

'இன்டு தி வுட்ஸ்', ஐந்தாம் சீசனின் பத்தாவது. எழுதி இயக்கியவர் மார்ட்டி நாக்ஸன். ஸ்பைக் போட்டுக்கொடுக்க, பஃபி நேரில் பார்த்துவிடுகிறாள். அவனுக்கு ராணுவத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, நடுராத்திரிக்குள் பஃபி வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஹெலிகாப்டரில் ஏறிவிடுவான். இந்தக் கெடு எனக்குப் பிடிக்கவில்லை. தப்புச் செய்தவன் கெடு வைப்பதா? அதைவிடப் பிடிக்காதது சாண்டரின் நீள உபதேசம். லட்சத்தில் ஒருவன் கிடைத்தான், நீ அவனைப் பொருட்டாகவே நடத்தவில்லை என்று அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறான். அவளும் கேட்டுக்கொண்டு ஓடுகிறாள். ஹெலிகாப்டர் மேலே எழும்ப, கீழே நின்று அவள் கத்துவது அவனுக்குக் கேட்கவில்லை. படமாக்கிய விதம் அருமை. ஆனால் ஒன்றரை சீசன் நாம் பார்த்த பஃபி இப்படி ஓடக்கூடியவள் இல்லை. கதைக்கு ஓட்டம் தேவைப்பட்டது, ஓடவிட்டார்கள்.

அதே எபிசோடில் இதைவிட நல்ல காட்சி ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறது. ரைலி ஸ்பைக்கின் நெஞ்சில் குத்துகிறான், குத்தியது காட்டேரியைக் கொல்லும் மரக்கட்டை இல்லை, பிளாஸ்டிக் கட்டை. அப்புறம் இரண்டு பேரும் கல்லறைக்குள் உட்கார்ந்து ஒரே பாட்டிலைக் கைமாற்றிக் குடிக்கிறார்கள். அவளோடு இருந்தும் அவளை அடையாதவன் ஒருவன், கிட்டவே போக முடியாதவன் ஒருவன். யார் நிலைமை மோசம் என்று இருவருக்குமே சந்தேகம்.

ஆறாம் சீசனில் 2002 பிப்ரவரியில் 'ஆஸ் யூ வேர்' என்று ஒரு எபிசோடுக்குத் திரும்பி வருகிறான். அந்தப் பெட்டியை இவனுக்காக வாங்காதீர்கள். பஃபி பர்கர் கடைச் சீருடையில், தொப்பியோடு, கல்லாவில் நிற்கிறாள். இவன் கறுப்பு உடையில், கன்னத்தில் வீரத் தழும்போடு, அழகான டாக்டர் மனைவியோடு வந்து இறங்குகிறான். குற்றம் குறையெல்லாம் யாரோ துடைத்துவிட்டார்கள். அவனுக்குப் பாவமன்னிப்பும் அவளுக்கு அவமானமும். முந்தைய சீசனில் கவனமாகக் கட்டிய மனிதனைப் போஸ்டராக்கி ஒட்டிவிட்டார்கள்.

இனி வாங்குகிறவர்களுக்கு. இந்த இரண்டு அமெரிக்கப் பெட்டியிலும் தலா 22 எபிசோடு, ஆறு டிஸ்க். டிவிடிக்கு நாட்டுவாரிப் பூட்டு உண்டு: அவை ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவதானால் உங்கள் பிளேயர் எல்லா ரீஜனையும் ஓட்டுமா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் டிரைவும் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளும் கைகொடுக்கலாம். படம் பழைய டிவிச் சதுரத்தில், 4:3இல் வரும். அதுதான் சரி. 2014இல் தொடங்கி வெளிவந்த எச்டி பதிப்பு 16:9க்கு விரித்தது. அதில் ஓரங்களில் படப்பிடிப்பு ஆட்களும் விளக்குகளும் தலைகாட்டுகின்றன, நிறம் திருத்தாமல் விட்டதால் நள்ளிரவுக் காட்சி சில இடங்களில் பட்டப்பகல். காட்டேரி வெயிலில் நடக்கிறதே என்று குழம்ப வேண்டாம். டிவிடியில் இருட்டு இருட்டாக இருக்கிறது, கொஞ்சம் மணல்மணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. வசனத்தில் சொல்விளையாட்டு அதிகம், ஆங்கில சப்டைட்டிலை ஓடவிடுங்கள்.

கூடுதல் சமாச்சாரங்களில் 'ஹஷ்' எபிசோடுக்கு வீடனே பேசியிருக்கும் விளக்கவுரை கேட்கத் தகுந்தது. எழுதுகிறவர்களுக்குப் பாடம். ஐந்தாம் பெட்டியில் ஜாய்ஸ் இறந்துபோகும் 'தி பாடி' இருக்கிறது. ரைலி போய்ச் சில வாரங்களுக்குப் பிந்தைய கதை. வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால் அதை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

பணம் ஒரு பெட்டிக்குத்தான் இருக்கிறது என்றால் ஐந்தாவதை வாங்குங்கள். 'ஹஷ்' மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.